கரிக்கு முதல் சோறு

மட்டாஞ்சேரி
20 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி சங்கிலிப்பாண்டிக்கு,

அக்கா ஆவுடை எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். ஓணம் முடிந்த கையோடு மழையும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டது. உன் இருமல் எப்படி இருக்கிறது? வலது காது இன்னும் அப்படியேதானா? போனில் நான் சொல்வதில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயே இட்டுக்கட்டிக்கொள்கிறாய். அதனால் இனி நமக்குக் கடிதம்தான். கரி லாரி ஓட்டிக்கொண்டு விளாத்திகுளத்திலிருந்து இங்கே வந்து போகிறானே இசக்கிதுரை, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இருபத்திரண்டு வருஷம் இஞ்சி சுத்தம் பண்ணிய குடோனை மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பள்ளுருத்தியில் சங்கர்ராம் சாமி வீட்டுப் பக்கத்தில் சும்மா கிடந்த அவருடைய பன்னிரண்டு சென்ட் நிலத்தைப் பயிர் செய்யக் கேட்டு வாங்கிச் சிவப்புத் தண்டுக்கீரை போடுகிறேன். இங்கே சீரை என்பார்கள். என் ஆயுசில் யாரும் ஏவாமல் நானாகச் செய்யும் முதல் வேலை இது. ஆனால் மண் இல்லை தம்பி, வெறும் மணல். முதல் விதைப்பு கொழுகொழுவென்று வரும். இரண்டாவது பாதிதான். மூன்றாவது விதைத்தால் மண் கையை விரித்துவிடும். ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற உரமும் அடியில் இறங்கிப் போய்விடுகின்றன.

போன வாரம் சாமி வந்து நின்றார். "ஆவுடை, டூரிஸ்டு வேன் நிறுத்த எடம் கேக்கறா. நேக்கும் வயசாச்சு. விஷுவுக்குள்ள நடுவுல விடாம மூணு தடவை கீரை பறிச்சுக் காட்டு, அஞ்சு வர்ஷத்துக்கு எழுதித் தரேன். இல்லைன்னா சிமெண்டாக்கும்" என்றார். ஈவிரக்கம் இல்லாதவர் இல்லை. நியாயமாகத்தான் கேட்கிறார். விஷு என்றால் நம் சித்திரை ஒன்று. அதற்குள் முடியுமா என்றுதான் எனக்குப் பயம்.

கிருஷி பவனில், அதுதான் இங்கே விவசாய ஆபீஸ், தன்யா என்று ஒரு பெண் ஆபீசர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவளிடம் போய் அழுதேன். "அக்கா, காத்து புகாம மூடி எரிச்ச கரியைப் பொடிச்சு மணல்ல சேருங்கோ. தண்ணியைப் பிடிச்சு வெக்கும், உரத்தையும் விடாது. இதுக்கு பயோசார்னு பேரு. மார்க்கெட்ல நல்ல வெலையாக்கும்" என்றாள். நான் சிரித்தேன் பார், அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். கரிமூட்டம் போடுகிறவனுக்கு அக்காவாகப் பிறந்தவளுக்குக் கரியா கிடைக்காது?

மூட்டம் பிரித்த பிறகு சலித்து ஓரமாகத் தள்ளிவிடுவாயே, அந்தத் தூள் எனக்கு வேண்டும். சீக்கிரம் அனுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆவுடையம்மாள்


முத்துச்சாமிபுரம்
3 அக்டோபர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இருமல் பனங்கற்கண்டுக்கு அடங்கியிருக்கிறது. அத்தான் முழங்கால் வலி தேவலையா? தாளில் கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தால் கோபப்படாதே. மூன்று தடவை சோப்புப் போட்டேன். கரி போவேனா என்கிறது.

கரித்தூள் கேட்டிருந்தாய். கூடப் பிறந்தவள் வீட்டுக்குத் தூளை அள்ளி அனுப்பினான் என்று ஊர் சிரிக்காதா? கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கறுப்பு முதலில் போகக் கூடாது என்று அம்மா சொல்வாள். யோசித்து ஒரு வழி பண்ணினேன். முதலில் ஆறு மூட்டை கட்டிக்கரி, தட்டினால் கணீர் என்று சத்தம் கேட்கும் முதல் தரம். சாக்கு வாயில் மஞ்சள் தடவி, ஒவ்வொன்றிலும் ஒரு வெல்லக்கட்டி வைத்திருக்கிறேன். அது உனக்குச் சீர். அதற்குப் பின்னால் பதினைந்து மூட்டை தூள். அதுதான் நீ கேட்டது.

எப்படிப் போடுவது என்று ஆபீசரம்மாவைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. கரியைப் பற்றி என்னைக் கேள். நான் மூட்டம் பிரித்த இடத்தில் மறு மழைக்கு முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். ஒரு பிடி உரம் போட்டதில்லை. எல்லாம் கரியின் சக்தி. கொட்டு, கொத்து, விதை. விஷுவுக்கு அந்தச் சாமி வாயடைத்து நிற்பார்.

தம்பி,
சங்கிலிப்பாண்டி


மட்டாஞ்சேரி
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், நீயும் நலம்தானே என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்குப் போகிறேன், கை பரபரக்கிறது.

இருபத்தொரு மூட்டையும் வந்து சேர்ந்தது. மஞ்சள் தடவிய சாக்கைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். வெல்லத்தை அத்தான் தின்றுவிட்டார். எதிர்ச் சாரியில் கோழி சுடுகிற கடைக்காரன் கட்டிக்கரியைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது எனிக்குத் தருமோ?" என்று இரண்டு தரம் வந்தான். சீரை விற்பார்களா? மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டேன்.

தூள் பதினைந்தையும் நேற்றும் இன்றும் கொத்திப் போட்டேன். என் முகத்தைப் பார்த்து பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சாமி வேலியோரம் நின்று, "மண்ணுக்கு மை தீட்டறயோ? உனக்கென்ன பிராந்தா ஆவுடை?" என்றார். திருஷ்டி கழிக்கிறேன் சாமி என்றேன். நாளைக் காலை விதைப்பு. எனக்குத் தூக்கமே வராது போலிருக்கிறது.

உன் அக்கா,
ஆவுடை


மட்டாஞ்சேரி
30 அக்டோபர் 2024

தம்பிக்கு,

நாங்கள் உடம்பால் சுகம். மனசு சுகமில்லை.

கீரை முளைத்தது. எண்ணி இரண்டு இலை விட்டது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. சிவப்பாக வர வேண்டியது வெளிறி மஞ்சளாகிக் கிடக்கிறது. மணலில் போட்டிருந்தால்கூட இந்நேரம் சாண் உயரம் வந்திருக்கும். சங்கிலி, உன் கரி என் மண்ணில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் தின்றுவிட்டது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தன்யா முதலிலேயே, "சாணித் தண்ணியில ஊற வெச்சுட்டுப் போடுங்கோ அக்கா" என்று சொன்னாள். நான்தான், கரியைப் பற்றி என் தம்பிக்குத் தெரியாததா என்று மூக்கை விடைத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு அவள் வந்து பார்த்தாள். திட்டக்கூட இல்லை. "கரிக்குப் பசி அக்கா. அதுக்கு முதல்ல நாம சோறு போடணும். இல்லைன்னா அது செடியோட தட்டுல கை வெக்கும்" என்றாள்.

இனிமேல் ஊற வைக்கலாம் என்றால் சாணிக்கு எங்கே போவேன்? மட்டாஞ்சேரியில் மாடு ஏது? இங்கே இருப்பதெல்லாம் ஆடுதான். ஆட்டோ ஹாரன் அடித்தாலும் அசையாமல் நடுரோட்டில் படுத்திருக்கும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உன் மூட்டம் இருந்த இடத்தில் மட்டும் புல் எப்படி நின்றது? அங்கே கரிக்கு யார் சோறு போட்டார்கள்? இந்த லாரியிலேயே பதில் போடு. விஷுவுக்கு நாள் போய்க்கொண்டே இருக்கிறது. வேன் நிறுத்துகிறவன் நேற்று டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான்.

ஆவுடை


முத்துச்சாமிபுரம்
25 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நான் சுகம். இங்கே நல்ல மழை. மூட்டம் எதுவும் போட முடியவில்லை. லாரி இரண்டு தடவை வந்தும் எழுதக் கை ஓடவில்லை. கீரை போனது கேட்டு மனசு ஒரு நிலையில் இல்லை. புல் எப்படி நின்றது என்று கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன். அத்தானுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சங்கிலி


மட்டாஞ்சேரி
28 நவம்பர் 2024

என் அருமைத் தம்பிக்கு,

தைலம் வந்தது, அத்தான் முழங்கால் மடங்குகிறது. உன் கடிதமும் வந்தது. ஒரு மாசம் காக்க வைத்துவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறாய். பதினாறு வருஷமாக மூட்டம் போடுகிறவன் இன்னும் எதைப் பார்க்க வேண்டும்?

நான் உன்னை நம்பிக்கொண்டு உட்காரவில்லை. இசக்கிதுரையைப் பிடித்தேன். ஒரு சாயா, ஒரு பழம்பொரி. அதற்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "எக்கா, மூட்டம் பிரிச்ச எடம் சூடா, ஈரம் இல்லாம இருக்கும்லா, நம்மூர்ல ஆடு மேய்க்கிற பேச்சி அவ ஆட்டையெல்லாம் ராத்திரி அங்கதான் கெடை போடுவா. ஒரு மாசம் புழுக்கையும் மூத்திரமுமாக் கெடக்கும். அதான் அப்படிப் புல்லு. இப்ப ரெண்டு வருசமா அவ போடலை. எடமும் மொட்டையாத்தான் கெடக்கு" என்றான்.

ஏன் போடவில்லை என்றும் சொன்னான். உன் மூட்டம் வெடித்து அவள் பட்டி வேலி எரிந்து இரண்டு குட்டி செத்ததாமே. நீ அவள் முகத்தைப் பார்க்காமல் இசக்கி கையில் பணத்தைக் கொடுத்தனுப்பினாயாமே. அவள் அதைத் திருப்பி அனுப்பி, வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன் காசு எனக்கு எதற்கு என்றாளாமே. அதற்கு முன்னால் தினமும் சாயங்காலம் அந்தப் பட்டிப் பக்கம் உனக்கு என்ன வேலை இருந்தது என்பதையும் சொன்னான். அதை இங்கே எழுதவில்லை, உன் காது சிவந்துவிடும்.

அட மடையா! முப்பத்தொன்பது வயசு வரை கரிக்காரனுக்கு யார் பெண் தருவார்கள் என்று நான் புலம்பியதெல்லாம் வீணா? கரியின் சக்தி, கரியின் சக்தி என்று எழுதினாயே, அவளுடைய ஆடுகளை அப்படியே முழுங்கிவிட்டாயே. பேரைச் சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லை. நீ முழுங்கியதை என் கீரை கக்கிவிட்டது.

சரி, கேள். மூன்று பறிப்புக்கு மூன்று மாசத்துக்கு மேல் வேண்டும். ஜனவரி முதல் வாரம் விதைத்தால்தான் விஷுவைப் பிடிக்கலாம். இங்கே ஆடு இருக்கிறது, கரி இருக்கிறது, சேர்க்கும் விதம் தெரியவில்லை. நீ பேச்சியிடம் போ. எத்தனை நாள் கிடை, எப்படி என்று கேட்டு எழுது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல். எனக்காகப் போகிறேன் என்று வேண்டுமானால் மனசைச் சமாதானம் பண்ணிக்கொள். போகாவிட்டால் எனக்குத் தம்பியே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

குளித்துவிட்டுப் போ.

அக்கா


முத்துச்சாமிபுரம்
9 டிசம்பர் 2024

மட்டாஞ்சேரி ஆவுடையம்மாள் அக்காவுக்கு வணக்கம்.

என் பெயர் பேச்சி. எழுபத்து நாலு ஆடு வைத்திருக்கிறேன். நானும் ஆடுகளும் நலம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுக்கவும். நான் மேய்க்கிற பக்கம் டவர் இல்லாததால் எழுதுகிறேன். உங்கள் தம்பியை எழுதச் சொன்னால் மறுபடியும் எதையாவது விட்டுவிடுவார்.

அவர் வெள்ளிக்கிழமை வந்தார். பட்டி வாசலில் நின்று ஆடுகளை எண்ணிக்கொண்டே இருந்தார். ஆளைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை. கடைசியில், "எங்க அக்கா போட்ட கீரை மஞ்சளாப் போச்சு" என்றார். "அதுக்கு நான் என்ன மஞ்சளா அரைச்சேன்?" என்றேன். அப்புறம்தான் வாய் திறந்தது. "அன்னைக்கு நான் வந்து நின்னுருக்கணும் பேச்சி. வரலை. குட்டி செத்ததைப் பாக்கத் தைரியம் இல்லை. தப்பு என்னோடதுதான்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். அதை வரவழைத்த உங்கள் கீரை நன்றாக இருக்கட்டும்.

இனி வேலை. மண்ணுக்குள் போன தூளை எடுக்க முடியாது. அதைத் திட்டாதீர்கள், மேலிருந்து சோறு போட்டால் தின்றுகொள்ளும். உங்களிடம் கட்டிக்கரி ஆறு மூட்டை இருப்பதாகச் சொன்னார். அதைக் கொஞ்சம் நனைத்து, தூசி பறக்காமல் மொச்சைக்கொட்டை அளவுக்கு உடையுங்கள். உங்கள் ஊர் ஆடு ராத்திரி படுக்கும் இடத்தில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஆட்டைக் கூப்பிட வேண்டாம். ஈரமில்லாத இடத்தை அது தானே தேடி வரும். பன்னிரண்டு ராத்திரி கிடக்கட்டும். காலையில் புழுக்கையோடு சேர்த்துப் புரட்டிவிடுங்கள். மூத்திரத்தைக் கரி குடிக்கும். வாடை குறைந்துவிடும், அதுதான் அடையாளம். பிறகு குவித்துத் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்குப் போட்டு ஒரு வாரம் மூடிவையுங்கள். கை வைத்தால் முதலில் சூடாக இருக்கும். ஆறின பிறகு பாத்தியில் போட்டுக் கிளறி விதைக்கலாம்.

உங்கள் தம்பி இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டுகிறார். அவர் தலையாட்டுவதை நம்பாதீர்கள்.

இப்படிக்கு,
பேச்சி


மட்டாஞ்சேரி
1 பிப்ரவரி 2025

அன்புப் பேச்சிக்கும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கும்,

நாங்கள் எல்லோரும் பரம சுகம். உங்கள் இருவருக்கும், எழுபத்து நாலு பேருக்கும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

வந்துவிட்டதடி! முந்தாநாள் முதல் பறிப்பு! முழங்கைக்கு மேல் உயரம். இலை உள்ளங்கையை விட அகலம். பீட்ரூட் சிவப்பு. வேரோடு பிடுங்கினால் வேரில் கரித்துண்டு ஒட்டிக்கொண்டு வருகிறது, விட மாட்டேன் என்கிறது. சங்கிலி, உன் கட்டிக்கரி வீணாகவில்லை. சீர் சீர்தான்.

கிடை போட்ட கதையைக் கேள் பேச்சி. ஆடு எங்கே படுக்கிறது என்று தேடிப் போனால், நான் வேலை பார்த்த அதே இஞ்சிக் குடோன் வராந்தா! இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து இஞ்சி உரசிய இடத்தில் உடைத்த கரியைப் பரப்பினேன். வாட்ச்மேன் சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டு, "இதெந்தா ஆவுடை, ஆட்டினு மெத்தையோ?" என்றார். ஆமாம் சேட்டா, ஸ்டார் ஹோட்டல் என்றேன். முதல் நாள் நாலு ஆடு. மூன்றாம் நாள் பஜார் ரோட்டு ஆடெல்லாம் அங்கேதான். தினமும் விடிந்ததும் துடைப்பமும் கையுமாகப் புரட்டினேன். சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நாலாம் நாளிலிருந்து, வராந்தாவில் வாடை இல்லையே என்று அவர்களே வந்து உட்கார்ந்து சாயா குடித்தார்கள். தன்யா போட்டோ எடுத்துக்கொண்டு, "இது எங்க புஸ்தகத்துல இல்லை அக்கா" என்றாள்.

தண்ணீரும் முன்னைப் போல இரண்டு வேளை கேட்கவில்லை. ஒரு வேளை ஊற்றினால் மறுநாளும் மண் கையில் ஈரமாக ஒட்டுகிறது. சாமி ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்காக்கும்" என்று போய்விட்டார். இருக்கட்டும். நாளைக் காலை இரண்டாவது விதைப்பு. எனக்கு இப்போதே ஆடத் தோன்றுகிறது.

ஆவுடை


மட்டாஞ்சேரி
30 மார்ச் 2025

பேச்சிக்கும் தம்பிக்கும்,

சுகம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் நன்றாக இருங்கள்.

இரண்டாவது பறிப்பு முதலை விட நன்றாக வந்தது, அது இசக்கி சொல்லியிருப்பான். மூன்றாவது மார்ச் ஆறாம் தேதி விதைத்தேன். நேற்றுவரை பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் அதில்தான். இன்னும் ஒரு வாரத்தில் பறிக்கலாம் என்றிருந்தேன். இன்றைக்குக் காலையில் போனால் வேலிக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஏழெட்டு ஆடு. பள்ளுருத்தி ஆடுகள், எனக்குப் பழக்கம்கூட இல்லை. பன்னிரண்டு சென்ட்டையும் மொட்டையடித்துவிட்டு நடுவில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கின்றன. நேற்றுக் கொக்கியை மாட்டாமல் வந்தவள் நான்தான். யாரை அடிக்க?

அரைச்சாண் குச்சிகள்தான் நிற்கின்றன. சாமி வந்து பார்த்துவிட்டுக் கதவை இழுத்துக் கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே போனார். அதுதான் பொறுக்கவில்லை. மறுபடி விதைத்தால் விஷுவுக்குள் வராது. வெள்ளிக்கிழமை எல்லாக் குச்சியையும் பிடுங்கிப் போட்டு நிலத்தைச் சுத்தமாக ஒப்படைத்துவிடப் போகிறேன். உடைந்த கரி மட்டும் அங்கேயே கிடக்கும். சிமெண்டுக்கு அடியில்.

ஆடு கொடுத்தது, ஆடே எடுத்துக்கொண்டது. நான் போய்ப் படுக்கிறேன்.

ஆவுடை


முத்துச்சாமிபுரம்
2 ஏப்ரல் 2025

ஆவுடை அக்காவுக்கு,

நாங்கள் நலம். எழுந்திருங்கள்.

பிடுங்காதீர்கள்! ஒரு குச்சியைக்கூடப் பிடுங்காதீர்கள். இசக்கி அண்ணனை இன்றைக்கே வண்டி எடுக்கச் சொல்லி உங்கள் தம்பி லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். வெள்ளிக்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்தே தீரும்.

ஆடு நுனியைக் கடிக்கும், வேரைத் தோண்டாது. கடித்த இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு துளிர் வரும். பிறந்தது முதல் அதைத்தான் பார்க்கிறேன். மண்ணில் சத்து இல்லை என்றால் துளிர்க்காமல் காய்ந்துபோகும். உங்கள் மண் அப்படியா இருக்கிறது? நீங்கள் எழுதியதை நாலு தடவை வாசித்திருக்கிறேன். கரியின் வயிறு நிறைந்திருக்கிறது. இப்போது அது திருப்பிக் கொடுக்கும்.

ஒரு கூடைப் புழுக்கையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்ததை மட்டும் மூன்று பங்கு தண்ணீரில் கலந்து குச்சிகளின் அடியில் ஊற்றுங்கள். அந்த ஆடுகள் படுத்திருந்த இடத்திலேயே புழுக்கை கிடக்குமே, தின்றதற்கு அவை வைத்துவிட்டுப் போனது. பிறகு கொக்கியை மாட்டுங்கள்.

பேச்சி


மட்டாஞ்சேரி
14 ஏப்ரல் 2025, விஷு

என் செல்லப் பேச்சிக்கும், லாரி மறித்த வீரனுக்கும்,

உங்கள் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நாங்கள் சுகமோ சுகம்.

வியாழக்கிழமை சாயங்காலம் இசக்கி கடிதத்தை நீட்டும்போது என் இடுப்பில் அரிவாள் இருந்தது. வாசித்தேன். அரிவாளை வைத்துவிட்டுக் கூடையை எடுத்தேன்.

அஞ்சாம் நாள் கணுவில் ஊசி முனை மாதிரி சிவப்பாக ஏதோ தெரிந்தது. கண்தான் ஏமாற்றுகிறது என்று கிட்டப் போய்க் குனிந்தேன். துளிர்! ஒரு குச்சிக்கு மூன்று, நாலு. பத்தாம் நாள் குச்சியே மறைந்துவிட்டது. ஒற்றைத் தண்டாக நின்ற செடி புதராகிவிட்டது. நேற்று மாலை சாமியைக் கூப்பிட்டு, எப்படி வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இது மூன்றாவது பறிப்பாகுமா ஆகாதா, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அவர் பாத்தி பாத்தியாக நடந்தார். ஒரு துளிரை விலக்கி, ஆடு கடித்த வெட்டு வாயைத் தொட்டுப் பார்த்தார். "நீ வெதச்சு வந்தா அது உன் சாமர்த்தியம். ஆடு தின்னப்புறமும் தானா வரதுன்னா, அது மண்ணாக்கும். இதுக்கு மேல சிமெண்டு போட்டா என் கை வெளங்குமா?" என்றார். அங்கேயே நின்று அழுதேன் பேச்சி, மூக்கைக்கூடத் துடைக்காமல். பிறகு, "நாளைக்குக் கணி வெக்க ஒரு கட்டு குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்று விடிகாலை அவர் வீட்டு உருளியில் கொன்றைப்பூவுக்கும் வெள்ளரிக்கும் நடுவில் என் கீரை இருந்தது. அதற்குப் பக்கத்தில் அஞ்சு வருஷக் காகிதம், கையெழுத்துப் போட்டு.

இதில் ஒரு வரியும் என் தனிச் சாமர்த்தியம் இல்லை. கரி அவன் கொடுத்தது, சோறு நீ போட்டது. தனியாக விட்டால் இரண்டும் என்ன ஆகும் என்று என் பன்னிரண்டு சென்ட்டில் பார்த்துவிட்டேன். அதனால் மூத்தவளாகக் கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன். என் தம்பியைக் கட்டிக்கொள்கிறாயா பேச்சி? கை கறுப்பு, காது மந்தம், பேச வேண்டிய நேரத்தில் பேச மாட்டான். மனசு மட்டும் தங்கம். பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு.

ஆவுடை


முத்துச்சாமிபுரம்
20 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை.

உன் கடிதத்தைப் பேச்சி என் முன்னாலேயே வாசித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. சாயங்காலம் மூட்டம் பிரித்த இடத்துக்குப் போனால், எழுபத்து நாலும் அங்கே கிடை கிடக்கின்றன. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நடுவில் கம்பை ஊன்றிக்கொண்டு அவள் நிற்கிறாள். "எத்தனை நாளு போடணும்?" என்று கேட்டேன். "இனிமே எடுக்கிறதா இல்லை" என்றாள்.

நீயும் அத்தானும் வந்து அவள் அண்ணன் வீட்டில் தட்டு வைத்துப் பேச வேண்டும். கீழே அவளும் எழுத வேண்டும் என்று தாளைப் பிடுங்குகிறாள்.

சங்கிலி

மதினிக்கு,

அடுத்த விதைப்பை முடித்துவிட்டே வாருங்கள், அவசரமில்லை. தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு கட்டுச் சிவப்புக் கீரையும் இருக்கட்டும். வரும்போது வேலிக் கொக்கியை மாட்டிவிட்டு வாருங்கள் மதினி.

பேச்சி